தந்திக்கம்பி போட்ட டாக்டர்

1) தந்தின்னு குரல் கேட்டாலே, பிரிக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுல அழுகை ஆரம்பிச்சிரும்னு எங்க சேரன்மகாதேவி பக்கம் பெரியவங்க சொல்வாங்க. அதை இந்தியாவில் அமைத்தவர் ஒரு டாக்டர், தெரியுமா?

2) வில்லியம் ஓ'ஷாக்னசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். 1839-ல் சோதனை, 1851-ல் கல்கத்தா – டயமண்ட் ஹார்பர் தடம்.

3) குரங்கு தொங்கும், பருந்து உட்காரும். அதனால தடித்த இரும்புக் கம்பியாப் போட்டார். 1855-க்குள் சென்னையும் இணைந்தது.

4) அதுக்கும் முன்னாடி, 1831-ல், காலராவில் ரத்தம் தண்ணியையும் உப்பையும் இழக்குது, அதை நரம்பு வழியா ஏத்தலாம்னு சொன்னவரும் இவர்தான். மறு வருஷமே தாமஸ் லட்டா செஞ்சு காட்டினார்.

5) தந்தி 2013 ஜூலையோட நின்னுபோச்சு. டிரிப் நிக்கலை. வயித்துப்போக்கா? ஓஆர்எஸ் குடுத்துட்டே உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.