மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல்: மரபணு அறிக்கையும் அறிகுறிகளும்

ஓரிரு நாட்களில் தானே தணிந்து, மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சலும் கடும் வயிற்றுவலியும் இந்நோயின் அடையாளங்கள். நம் நாட்டில் இது அரிது. தொற்று இல்லை என உறுதிசெய்த பின்னரே இது கருதப்படும். இதற்குரிய எம்.இ.எஃப்.வி. மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது.

அம்மரபணுவின் மாற்றங்கள் யாவும் ஒன்றல்ல. எம்694வி மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு நோய் பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கிக் கடுமையாக இருக்கும். சிகிச்சையின்றி விட்டால் சிறுநீரகமும் பழுதடையலாம். இ148கியூ மாற்றமோ இந்தியரில் நலமாக உள்ள பலரிடமும் காணப்படுகிறது. தங்கள் அறிக்கையில் அது மட்டும் இருப்பின், அதனையே நோய் எனக் கொள்ள வேண்டாம். காய்ச்சல் வந்த நாட்களையும் வலித்த இடத்தையும் குறித்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோய் உறுதியானவர்கள் கொல்கிசின் மாத்திரையைக் காய்ச்சல் இல்லாத நாட்களிலும் தொடர வேண்டும். அரியூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலைப் பகுதியினர் கவனிக்க: கண்வலிக்கிழங்கிலும் (செங்காந்தள்) கொல்கிசின் உண்டு, ஆனால் அக்கிழங்கை உண்பது உயிரைப் பறிக்கும்.