நியூடவுன் மண்டபமும் முகமூடிப் பெண்களும்

இங்கிலாந்தின் வைட் தீவில் நியூடவுன் என்றொரு சிற்றூர். அங்கே புல்வெளி நடுவே ஒரு செங்கல் மண்டபம் தனியே நிற்கிறது. ஒரு காலத்தில் அது நகர மன்றம். வீடுகள் சொற்பமாகிப்போன பிறகும் 1584 முதல் இந்த ஊர் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்தது. வாக்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆண்கள். 1832இன் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. வாக்காளர் என்றால் ஆண்தான் என்று முதன்முறையாக எழுதிவைத்ததும் அதே சட்டம். இந்த மண்டபத்தின் கதைக்குள் என்னை இழுத்தது அந்த ஒரு சொல்.

உறுப்பினர்களை இழந்த மண்டபம் மெல்லச் சிதைந்தது. 1930களில் அதை மீட்டது 'ஃபெர்குசன் கும்பல்'. இளம் பெண்கள் சிலர் நடத்திய ரகசியக் குழு அது. பில் ஸ்டிக்கர்ஸ், ரெட் பிடி, சிஸ்டர் அகதா என்று விளையாட்டாகப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1932இல் ஷால்ஃபோர்டு நீர் ஆலையைக் காப்பாற்றி, அதில் ஓர் அறையைத் தங்கள் ரகசியக் கூட்டங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். 1933இல் ரெட் பிடி முகமூடியோடு நேஷனல் டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போய் 100 பவுண்டை வெள்ளி நாணயங்களாகக் கொடுத்தார். பத்திரிகைகள் விடுமா? செய்தி பரவியது. அந்த டிரஸ்ட், 1895இல் மூவர் தொடங்கிய அறக்கட்டளை. மூவரில் ஒருவர் ஆக்டேவியா ஹில். பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டவர் அவர். முன்னோடி என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழுதுபார்த்த மண்டபம் டிரஸ்ட்டின் கைக்குப் போய், இளைஞர் விடுதியானது. ஒரு சில ஆண்கள் கூடி உறுப்பினர்களைத் தேர்ந்த இடத்தில், ஊர் சுற்ற வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் இரவு தங்கினார்கள். ஆணுக்கு நிகரான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

பில் ஸ்டிக்கர்ஸ் என்பவர் பெக்கி போலார்டு. கேம்பிரிட்ஜில் கீழைமொழிகள் படித்து முதல் வகுப்பில் தேறியவர். அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் தரவில்லை. உழைத்தும் பெயரில்லை என்பது அவருக்குப் புதிதல்ல.

ஆவணங்களில் பெண்களின் பெயரைத் தேடி அலைகிறவள் நான். பெயர் இல்லாத இடத்திலெல்லாம் அழித்துவிட்டார்கள் என்றே எண்ணிப் பழகியிருந்தேன். இவர்கள் தாங்களாகவே மறைத்துக்கொண்டார்கள். பட்டப் பதிவேட்டில் பெக்கியின் பெயரை விட்டது பல்கலைக்கழகம். முகமூடியை அணிந்தது அவர். இரண்டையும் 'பெயரில்லை' என்ற ஒரே சொல்லில் அடக்கினால், அவர் தேர்ந்துகொண்டதையும் நாமே அழித்தவர்களாவோம்.