முளைநெல்லில் வடித்த மது

பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹாப்ஸ் பூ. 822இல் பிரான்ஸின் கோர்பி மடத்துத் தலைவர் எழுதிய விதிகளிலேயே அதன் பேச்சு வருகிறது. குளிர்நாட்டுக் கொடி அது. இந்தியாவில் இமாசலத்து லாஹௌல் பக்கம் விளைகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தின் வெயில் அதற்கு ஒத்துவராது.

ஆனால் தானியத்தைப் புளிக்கவைத்து வீட்டிலேயே மது வடிக்கும் கலை தமிழகத்துக்கு மிகப் பழசு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டுச் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, இடித்த நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைக்கிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். கூடவே சுட்ட மீன். முளைவிடும் நெல்லில் ஊறும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பார்லி மால்ட்டில் நடப்பதும் இதுவேதான். வேதியியல் பிறப்பதற்கு முன்பே கைப்பழக்கத்தால் இதைக் கண்டவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அரிமளம் வட்டாரத்துக் கண்மாய்ப் பாசன விவசாயிக்கு முளைநெல் புதிதல்ல. விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, முளை கண்டதும் நாற்றங்காலில் தெளிப்பார். மது வடிப்பதுதான் சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது. 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் ராஜாஜி அரசு தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. பின்னாளில் மதுக்கடைகள் திறந்தன; ஆனால் கள்ளுக்கு 1987 முதல் தடை நீடிக்கிறது.