கட்டாக்காலியும் யந்திரமும்

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையின் செம்மண் தோட்டமொன்றில், கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைந்த கட்டாக்காலி மாடு, வெங்காயப் பாத்திகளை ஓரிரவில் துவம்சம் செய்துவிட்டால், பகுத்தறிவற்ற அப்பிராணியின் கிருத்தியத்துக்கு உத்தரவாதி யார் என்ற பழைய விவகாரம், செயற்கை நுண்ணறிவு விளைக்கும் தீங்குக்குப் பொறுப்பாளி யாரென்று இன்று நியாயவாதிகள் தர்க்கிக்கும் விஷயத்துக்கு மூதாதை எனலாம்.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் பன்னிரு முதலியார்கள் சரிபார்த்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, பிரதானமாகச் சொத்தையும் சீதனத்தையும் பற்றியதாதலால், இத்தகைய தீங்குகளுக்குரிய நட்டஈட்டை யாழ்ப்பாணத்தாரும் பெரும்பாலும் உரோமன் டச்சுச் சட்டத்திலேயே தேட நேர்ந்தது. அச்சட்டமோ, மேய்ந்த மாட்டுக்கு ஒரு வழக்கையும் முட்டிய மாட்டுக்கு வேறொரு வழக்கையும் வகுத்தது; பின்னதில், பிராணி தன் இனத்தின் சுபாவத்துக்கு மாறாக நடந்ததென்று நிரூபணமானால், உடையவன் குற்றமற்றவனாயினும் நட்டத்தைக் கொடுக்க வேண்டும்; அன்றேல், புராதன உரோமாபுரியின் விதிப்படி, மாட்டையே கையளித்துத் தப்பலாம். (உழவு மாட்டை இழந்து தப்புவதை எங்கள் கமக்காரன் தப்புதல் என்று ஒப்புக்கொள்ளமாட்டான்.) பின்னர், இலங்கையின் 1876ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம், மாட்டைப் பிடித்துக் கட்டிவைக்கும் உரிமையைத் தோட்டக்காரனுக்கு அளித்தது.

யந்திரத்தின் விஷயத்திலோ, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் மென்பொருளையும் உற்பத்திப் பொருளெனக் கொண்டு, அதன் குறைபாட்டால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியது. ஆயினும், குறைபாட்டை அறிய யந்திரத்தின் சுபாவத்தை முதலில் அறிய வேண்டும்; மாட்டின் சுபாவத்தை மல்லாகம் நீதிமன்றத்தில் எந்தச் சாட்சிக்காரனும் சொல்லிவிடுவான். கற்றுக்கொண்டே மாறும் யந்திரத்தின் சுபாவம் இன்னதென்று சொல்ல, அதைச் செய்தவனையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.