பெரியண்ணனும் சின்னண்ணனும்: நம்ம பக்கத்து ஊரில் இரண்டு டாக்டர்கள் வாழ்ந்து காட்டிய தாழ்மை

1/ இன்னைக்கு மருந்து, மாத்திரை, சுகர் அளவு எதுவும் இல்லை. கொஞ்சம் வரலாறு பேசலாம். இழை நீளம்தான், டீ குடிச்சுக்கிட்டே படிங்க. ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் அவசியம் படிங்க. நடந்தது நமக்குப் பக்கத்தில்தான், ஆனா நம்மில் பலருக்குத் தெரியாது.

2/ முதல்ல ஒரு கேள்வி. ஒருத்தர் இன்னொருத்தருக்கு உதவி செய்யறார். செய்யறவர் நாற்காலியில், வாங்கறவர் கைகட்டி நின்னுக்கிட்டு. உதவி முடிஞ்ச பிறகும் அதே நிலைதான். இதை சேவைன்னு சொல்லலாமா? கிறிஸ்தவ மரபில் சேவைக்கு "ஊழியம்"னு பேர். ஊழியன்னா வேலைக்காரன். அந்த வார்த்தைக்குள்ளேயே இந்தக் கேள்வி இருக்கு.

3/ பைபிள் படிக்காதவங்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. யோவான் சுவிசேஷம் 13ஆம் அதிகாரம். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு. சாப்பாட்டு நேரத்தில் இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைச்சு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கிட்டு, சீடர்களோட காலைக் கழுவினார். புழுதி ரோட்டில் நடந்து வந்த கால்கள். அந்தக் காலத்தில் அது அடிமை செய்யற வேலை.

4/ பேதுரு என்கிற சீடர் பதறிப்போய், என் காலை நீங்க கழுவக் கூடாதுன்னு தடுக்கறார். குரு விடலை. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை இன்னைக்கும் பல ஆலயங்களில் குருவானவர் மக்கள் காலைக் கழுவறது இதன் நினைவாகத்தான். ஒண்ணை மட்டும் மனசில் வைச்சுக்கோங்க: குனிஞ்சது குரு. இழையின் கடைசியில் இது தேவைப்படும்.

5/ சரி, வரலாறுக்கு வருவோம். 1910, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். உலக மிஷனரி மாநாடு. பேச வந்தவர் நம்ம திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. இரண்டு வருஷம் கழிச்சு, 1912இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர்.

6/ அங்கே அவர் பேசினது பலருக்குக் கசந்தது. நீங்க எங்களுக்காக நிறைய தியாகம் செஞ்சிருக்கீங்க, அதுக்கு நன்றி. ஆனா இந்திய ஊழியரை உங்களுக்குச் சமமா உட்கார வைச்சுப் பேசறீங்களா, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடறீங்களா? எங்களுக்கு வேண்டியது நட்பு. இதுதான் சாரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டிக் கொடுத்தவங்க முன்னாடி இதைச் சொல்ல ரொம்பத் தைரியம் வேணும்.

7/ இந்தக் கேள்விக்கு இரண்டு டாக்டர்கள் தங்கள் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்தாங்க. ஒருத்தர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர், 1882இல் பிறந்தவர். இன்னொருத்தர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தின் அல்லோவா ஊர்க்காரர், 1891இல் பிறந்தவர். கம்பளி நூல் ஆலை நடத்தின வசதியான குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் பழகி நண்பர்கள் ஆனவங்க.

8/ இந்தியா வந்து முதலில் ஸ்காட்லாந்து மிஷனோடு சேர்ந்து பூனா பக்கம் வேலை செஞ்சாங்க. ஆனா மிஷன் அமைப்புன்னா அதில் வெள்ளைக்காரருக்கு ஒரு இடம், இந்தியருக்கு ஒரு இடம். படிப்பு ஒண்ணா இருந்தாலும் வரிசை வேற. நட்பை ஒரு பக்கமும் அந்த வரிசையை ஒரு பக்கமும் வைச்சா, ஏதாவது ஒண்ணுதான் மிஞ்சும். அவங்க நட்பைத் தேர்ந்தெடுத்தாங்க.

9/ 1921இல் திருப்பத்தூரில் "கிறிஸ்துகுல ஆசிரமம்" தொடங்கினாங்க. சிவகங்கைப் பக்கம் இருக்கிற திருப்பத்தூர் இல்லை. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினா போய்ச் சேரும் திருப்பத்தூர், ஏலகிரி மலைப் பக்கம். 1911 வரைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் எல்லாமே சேலம் மாவட்டம்தான். பிறகுதான் திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்குப் போச்சு. அதாவது, பழைய கணக்கில் இது நம்ம ஊர்க் கதை.

10/ ஆசிரமத்தில் கதர் உடை. எளிய சாப்பாடு. சம்பளம் கிடையாது. இரண்டு பேருமே கல்யாணம் செஞ்சுக்கலை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சுத்துப்பட்டுக் கிராமங்களில் வேலை. ஜெபம் செய்யற இடத்தை ஐரோப்பியச் சர்ச் மாதிரி கட்டலை. நம்ம கோயில் கட்டடக்கலையில், கோபுரத்தோடு கட்டினாங்க. இந்தியாவின் ஆரம்பகால புராட்டஸ்டன்ட் ஆசிரமங்களில் இது முக்கியமானது.

11/ இப்போ முக்கியமான விஷயம். ஆசிரமத்தில் இவங்களை எப்படிக் கூப்பிட்டாங்க தெரியுமா? ஏசுதாசன் "பெரியண்ணன்". பேட்டன் "சின்னண்ணன்". டாக்டர் துரை இல்லை, ஐயா இல்லை. அண்ணன்.

12/ வயசில் ஏசுதாசன் ஒன்பது வருஷம் மூத்தவர், அதனால் பெரியண்ணன், இதில் என்ன அதிசயம்னு கேட்கலாம். நம்ம வீட்டு வழக்கப்படி ஒண்ணும் இல்லை. ஆனா காலத்தைப் பாருங்க. 1921. வெள்ளைக்கார கலெக்டர் வந்தா ஊரே ஒதுங்கி நின்ன காலம். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருத்தர், பணக்கார வீட்டுப் பிள்ளை, ஒரு தமிழருக்குத் தம்பியா இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் விழாவுக்காக இல்லை. சுமார் ஐம்பது வருஷம்.

13/ ஏழைக்குக் குனிஞ்சு உதவறது கஷ்டம்தான், ஆனா அதில் ஒரு பெருமை ஒளிஞ்சிருக்கும். நாலு பேர் பாராட்டுவாங்க. கூடவே வேலை செய்யற ஒருத்தரை, உலகம் உனக்குக் கீழேன்னு சொல்ற ஒருத்தரை, தினமும் "இவர் எனக்கு மூத்தவர்"னு ஏத்துக்கறது வேற வகை. அதுக்கு யாரும் மாலை போடமாட்டாங்க.

14/ கீழே இறங்கினா கீழே விழற அடியும் சேர்ந்துதான் வரும். 1932, சென்னை. சட்டமறுப்பு இயக்கம், அந்நியத் துணிக்கடை மறியல். அந்த இடத்தில் கதர் உடையில் நின்ன சின்னண்ணனைப் போலீஸ் தடியால் அடிச்சு, தண்ணீரைப் பீய்ச்சி நனைச்சுட்டாங்க. விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போய்க் கேள்வியாச்சு.

15/ யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு அடி வாங்கினவங்க எத்தனை பேர்! அடிபட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதால்தான் லண்டனில் கேள்வி எழுந்தது. வரிசை எவ்வளவு ஆழமா இருந்ததுன்னு இதுவே காட்டுது. சின்னண்ணன் சட்டையை மாத்தலாம், இடத்தை மாத்தலாம். உலகம் அவரை எடை போடற விதத்தை அவரால் முழுசா மாத்த முடியலை.

16/ இன்னொரு உண்மையும் சொல்லணும். இதே பழைய வட ஆற்காட்டில், வேலூரில், ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பிச்சது, 1918இல் பெண்கள் மருத்துவப் பள்ளியாகி, இன்னைக்கு உலகமே அறிந்த சி.எம்.சி. ஆச்சு. கிறிஸ்துகுலம் அப்படி வளரலை. சம்பளம் இல்லாம, கல்யாணம் இல்லாம, வாழ்நாள் முழுக்கன்னா எத்தனை பேர் வருவாங்க? 1969இல் பெரியண்ணன் காலமானார். அடுத்த வருஷமே சின்னண்ணன்.

17/ அப்போ இது தோத்துப்போன முயற்சியா? எனக்கு அப்படித் தோணலை. ஆஸ்பத்திரியை அளக்க படுக்கை எண்ணிக்கை போதும். இங்கே நடந்த சோதனை வேற: இரண்டு சமமில்லாத மனுஷங்க சமமா வாழ முடியுமா? முடியும்னு காட்டிட்டாங்க.

18/ டாக்டரா ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். காலைப் பரிசோதிக்கணும்னா குனிஞ்சே ஆகணும், வேற வழி இல்லை. 1940களில் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட கால் ஏன் அழியுதுன்னு தேடினார். நோய் நேரடியா விரலைத் தின்னுடலை. வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாம போகுது, அதுதான் காரணம்னு எடுத்துக் காட்டினார். தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைச்சு, எண்ணெய் தடவி, புண் இருக்கான்னு பார்க்கறது சிகிச்சையிலேயே ஒரு பகுதி ஆச்சு.

19/ இன்னைக்கு அதே பிரச்சனை சர்க்கரை நோயில் இருக்கு. சிப்காட்டில் எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நிக்கிற அண்ணன்களே, அக்காக்களே: உணர்ச்சி குறைஞ்ச காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஷிஃப்ட் முடிஞ்சதும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைச்சு, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைச்சுப் பாருங்க. வீட்டில் அப்பா அம்மாவால் குனிய முடியலைன்னா நீங்க குனிஞ்சு பாருங்க.

20/ கடைசியா, முதலில் சொன்னதுக்கு வரேன். குனிஞ்சது குரு. தாழ்மை யாருக்குச் சொல்லப்பட்டதுங்கறது இதில் தெளிவா இருக்கு. ஆனா நடைமுறையில் என்ன செய்யறோம்? குறைஞ்ச சம்பளத்துக்கு நர்ஸ் கேள்வி கேட்டா "இது சேவைம்மா"ங்கறோம். துப்புரவுத் தொழிலாளி கையுறை கேட்டா பொறுமையா இருங்கறோம். கீழே இருக்கிறவங்களை இன்னும் குனியச் சொல்றதுக்குப் பேர் தாழ்மை இல்லை. அது வசதி, நமக்கு.

21/ நம்ம ஊர் இப்போ வேற மாதிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் எப்பவும் இருந்தது. இப்போ இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் ஒரே ஷிஃப்ட்டில். காய்ச்சலோடு வர்ற ஒப்பந்தத் தொழிலாளியை "ஏய், இங்க வா"ன்னு கூப்பிடறது பல இடத்தில் சகஜமா இருக்கு. நாற்காலி காலியா இருந்தாலும் அவர் உட்காரமாட்டார். உட்காரலாம்னு யாரும் சொன்னதில்லை.

22/ ஒரு வார்த்தையில் ஆரம்பிக்கலாம். தமிழில் "உட்காருங்க". தெலுங்கில் "கூர்ச்சோண்டி". கன்னடத்தில் "கூத்கொள்ளி". இந்தியில் "பைட்டியே". நாலும் மரியாதை வடிவம். ஆஸ்பத்திரி, பேங்க், கம்பெனி ஹெச்.ஆர். அறை, எங்கே உட்கார்ந்திருந்தாலும் சொல்லிப் பழகுங்க.

23/ அதுக்கப்புறம் கொஞ்சம் கஷ்டமான அடுத்த படி. உங்க கூட வேலை செய்யறவங்களில், பதவியிலோ சாதியிலோ பணத்திலோ உங்களுக்குக் கீழேன்னு மத்தவங்க நினைக்கிற ஒருத்தரை, அவருக்குத் தெரிஞ்ச வேலையில் உங்களுக்கு மூத்தவரா ஏத்துக்கங்க. மத்தவங்க முன்னாடி "இதில் இவர் சொல்றதுதான்"னு சொல்லுங்க. சின்னண்ணன் ஐம்பது வருஷம் செஞ்சது அதைத்தான். நாம ஒரு மீட்டிங்கில் ஆரம்பிக்கலாம்.

உங்க ஊர்ப் பக்கம் இப்படி வாழ்ந்தவங்க யாராவது இருந்தா கீழே எழுதுங்க, எல்லாரும் தெரிஞ்சுக்குவோம்.