வால்டாக்ஸ் ரோடும் வசூலாகாத வரியும்

போன கிராமசபைக் கூட்டத்துல ஒரே சத்தம். எங்க ஊரைப் பக்கத்து நகராட்சியோட சேர்க்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது. நூறு நாள் வேலை போயிடும், வீட்டு வரி ஏறிடும்னு பெண்கள் பக்கம் கோபம். ரோடும் கால்வாயும் வரும், மனைக்கு விலை ஏறும்னு சில பேருக்கு ஆசை. கடைசியில எங்க தெரு பெரியவர் ஒருத்தர் எழுந்து, "வரி குடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. யாரு போடுறாங்க, எதுக்குப் போடுறாங்கன்னு சொல்லிட்டுப் போடச் சொல்லு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது வால்டாக்ஸ் ரோடு.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும். கோயம்பேடு மார்க்கெட் 1996-ல வர்றதுக்கு முன்னாடி காய்கறின்னா கொத்தவால்சாவடிதான். கத்திரிக்காய் மூட்டையோட எங்கப்பா ராத்திரியே வேன் ஏறுவார். லீவு நாள்ல நானும் மூட்டை மேல உட்கார்ந்து போவேன். செங்குன்றம், மூலக்கடை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் தாண்டினா வால்டாக்ஸ் ரோடு. 'வாலுக்கு எதுக்குப்பா டாக்ஸ்?'னு கேட்டேன். "மாட்டு வாலுக்குப் போட்டிருப்பான் வெள்ளைக்காரன், அவன் எதுக்குத்தான் போடல"ன்னு சிரிச்சார். ரொம்ப வருஷம் அதை நம்பிட்டு இருந்தேன்.

அது வால் இல்லை, மதில். மதிலுக்குப் போட்ட வரி. வேடிக்கை என்னன்னா அந்த வரியை யாருகிட்டயும் வசூலிக்கவே இல்லை.

இந்தக் கதையை நூறு வருஷம் முன்னாடியே தொடங்கணும். சென்னைப் பட்டணத்துல கோட்டைக்கு வடக்கே நம்ம சனங்க குடியிருந்த பகுதிக்குக் கறுப்பர் பட்டணம்னு பேரு. நெசவாளர், துபாஷி, வியாபாரி, கூலிக்காரர் எல்லாரும் அங்கேதான். 1686-ல கோட்டையில கவர்னரா இருந்தவர் வில்லியம் கிஃபர்ட். பட்டணத்துச் சுவரைச் சரிபண்ணணும், அதுக்கு ஆளுக்கு இவ்வளவு குடுங்கன்னு வரி போட்டார். சனங்க கடையைச் சாத்திட்டாங்க, வேலைக்கு வர மறுத்துட்டாங்க. கம்பெனி பணியலை. வீட்டை இடிப்போம், ஊரைவிட்டுத் துரத்துவோம்னு மிரட்டினாங்க. மிரட்டலுக்கு அடங்கினாங்களே தவிர, காசு ஒழுங்கா வந்து சேரலை.

லண்டன்ல கம்பெனியோட தலைமையில இருந்தவர் ஜோசையா சைல்டு. பெரிய வியாபாரி, கணக்குல புலி. நாமா அதிகாரம் காட்டிப் போடுற வரியில ஆறு பென்ஸ் குடுக்க அழுவுறவன், தன் ஆளுங்களே சேர்ந்து ஊருக்காகப் போட்டா அஞ்சு ஷில்லிங்கைச் சந்தோஷமா குடுப்பான்னு ஒரு யோசனை அங்கிருந்து கடிதமா வந்தது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அஞ்சு ஷில்லிங்னா அறுபது பென்ஸ். பத்து மடங்கு! நம்ம மேல பாசத்துல சொல்லலை. கம்பெனி கைக்காசு செலவாகாம ஊர் வேலை நடக்கணும், அவ்வளவுதான். ஆனா மனுஷன் மனசைச் சரியாத்தான் எடை போட்டிருக்கார். எங்க தெரு பெரியவர் சொன்னதும் இதையேதான்.

அந்த யோசனையில பிறந்ததுதான் சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பர்ல பட்டயம் எழுதி, 1688 செப்டம்பர் 29-ந் தேதி தொடங்கி வச்சாங்க. அப்போ கவர்னர் எலிஹு யேல். ஒரு மேயர், 12 ஆல்டர்மேன், அவங்களுக்குக் கீழே 60 பேர்னு ஏற்பாடு. முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். ஆல்டர்மேன்கள்ல கம்பெனிக்காரங்க, போர்த்துகீசியர், வைரம் விக்க வந்த யூத வியாபாரிகள், நம்ம ஊர் வியாபாரிகள்னு கலந்து போட்டிருந்தாங்க. சின்ன வெங்கடாத்ரி ஒருத்தர். இன்னொருத்தர் ஆலங்காத்தா பிள்ளை. மிண்ட் தெரு ஏகாம்பரேஸ்வரர் கோயிலைக் கட்டினவர்னு சொல்வாங்களே, அவரேதான். சிவப்பு அங்கி, வெள்ளித் தடி எல்லாம் உண்டு.

வரி போட்டு என்ன செய்யணும்னும் பட்டியல் இருந்தது. ஊர் மண்டபம், ஜெயில், நம்ம பிள்ளைகள் இங்கிலீஷும் கணக்கும் படிக்க ஒரு பள்ளிக்கூடம், சாக்கடை, தெரு. இன்னிக்கு எந்த நகராட்சி பட்ஜெட்டை எடுத்தாலும் பாதி இதுதான்.

சரி, சனங்க பத்து மடங்கு குடுத்தாங்களா? குடுக்கலை. உட்கார்ந்திருந்த ஆளுங்க யாரையும் ஊர் தேர்ந்தெடுக்கலை. பட்டயத்துலேயே பேர் எழுதி அனுப்பிட்டாங்க. வரியை யார் போடுறாங்கன்னு சனத்துக்குத் தெரியாதா என்ன? நம்ம வியாபாரி ரெண்டு மூணு பேரை அங்கி மாட்டி உட்கார வச்சா அது நம்ம சபை ஆயிடுமா? வரி வசூல் இழுத்துக்கிட்டே போச்சு. 1726-ல வந்த புதுப் பட்டயத்துக்கு அப்புறம் மேயர் சபை முக்கியமா வழக்கு விசாரிக்கிற கோர்ட்டாவே ஆகிப்போச்சு.

இப்போ மதிலுக்கு வருவோம். 1746-ல பிரெஞ்சுக்காரன் சென்னையைப் பிடிச்சான். திரும்பக் கைக்கு வந்ததும், கோட்டைக்கு முன்னாடி வெட்டவெளி வேணும்னு பழைய கறுப்பர் பட்டணத்தை அப்புறப்படுத்தினாங்க. சனங்க முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தாங்க. இன்னிக்கு ஜார்ஜ் டவுன்னு சொல்றது அந்த இடம்தான். 1767-ல ஹைதர் அலியோட குதிரைப்படை பட்டணத்து ஓரம் வரைக்கும் வந்து சூறையாடிட்டுப் போச்சு. 1769-ல ஹைதரே நேர்ல வந்து நின்னு, கம்பெனியை உடன்படிக்கையில கையெழுத்து வாங்கிட்டுத்தான் போனார். அப்புறம்தான் கம்பெனிக்குப் புத்தி வந்து புது ஊருக்கு மதில் கட்டினாங்க. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. அதனால வடக்குலயும் மேற்குலயும் மட்டும் சுவர். காண்டிராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனி என்ஜினீயரா இருந்து காண்டிராக்டரா மாறினவர். பிற்பாடு ஆற்காட்டு நவாபுக்குக் கடன் குடுத்து வட்டியில கொழிச்சதுக்காக 1785-ல இங்கிலாந்து பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் கிழிகிழின்னு கிழிச்சாரே, அதே ஆள்.

சுவர் எழும்பிடுச்சு. செலவைச் சுவருக்குள்ள இருக்கிறவங்க தலையில வைக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. பாதுகாப்பு உனக்குத்தானே, நீ குடுன்னு நியாயம். குடியிருந்தவங்க எதிர்த்தாங்க. அப்படி வரி போடக் கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டாங்கிறதே சந்தேகம்னு ஆயிடுச்சு. கடைசியில வரி கைவிடப்பட்டது. மேற்கு மதிலை ஒட்டின பாதைக்கு மட்டும் 'வால் டாக்ஸ்'னு பேர் ஒட்டிக்கிச்சு. வீட்டு வரி போட முறையான சட்ட அதிகாரம் 1790-கள்லதான் வந்தது.

ஆனா ஒண்ணு சொல்லணும். வரி குடுக்காத அந்தச் சனத்துக்கு மதில் பயன்படாம இல்லை. 1780-ல ஹைதர் மறுபடி வந்தப்போ சுற்றுவட்டாரக் கிராமம் எல்லாம் எரிஞ்சது. பயிர் போச்சு, மாடு போச்சு. நம்ம மாதிரி சனங்க மூட்டை முடிச்சோட பட்டணத்துக்கு ஓடினாங்க. தொடர்ந்து பஞ்சம். ராயபுரம் பக்கம் இருக்கிற மணியக்காரர் சத்திரம் அந்தப் பஞ்சத்துல ஊத்தின கஞ்சியில ஆரம்பிச்சதுதான். மதிலுக்கு உள்ளே இருந்தவன் வரியைப் பத்திச் சண்டை போட்டான். வெளியே இருந்த விவசாயிகிட்ட யாரும் வரியும் கேட்கலை, சுவரும் கட்டலை. எங்க முன்னோர்ல எத்தனை பேர் அந்தக் கஞ்சி வரிசையில நின்னாங்களோ.

மதிலைப் பிற்பாடு இடிச்சுட்டாங்க. யானைக்கவுனின்னு பேர் சொல்றோமே, அது அந்த மதில்ல இருந்த ஒரு வாசல். கவுனின்னா வாசல். பழைய ஜெயில் ரோட்டுல மிச்சம் நிக்கிற ஒரு துண்டு மதில் மேல மாநகராட்சி பூங்கா போட்டிருக்கு, மாடிப் பூங்கான்னு பேரு. ரோட்டுக்கு இப்போ வ.உ.சி. சாலைன்னு பேர் மாத்தியாச்சு. ஆனா இன்னிக்கும் ஆட்டோக்காரர்கிட்ட வால்டாக்ஸ்னு சொன்னாத்தான் வண்டி நகரும்.

இதையெல்லாம் பெரியவர்கிட்ட டீக்கடையில சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப சுவருக்குக் காசு யாருதான் குடுத்தது?"ன்னார். கம்பெனின்னேன். "கம்பெனிக்கு ஏது காசு? நம்ம நெல்லுல எடுத்ததுதானே"ன்னு சொல்லிட்டு வெத்தலையை மடிச்சார்.

அடுத்த கிராமசபைக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். ஏற்கெனவே அந்த நகராட்சியில சேர்ந்த ஊர்கள்ல வீட்டு வரி எவ்வளவு வசூலாச்சு, அந்தக் காசுல அதே ஊர்ல என்ன வேலை நடந்தது, தெருவாரியா கணக்கு வாங்கிக் குடுங்க, அப்புறம் சேர்றதா வேண்டாமான்னு தீர்மானம் போடுவோம். இதுவரைக்கும் 38 கையெழுத்து ஆகியிருக்கு. முதல் கையெழுத்து பெரியவரோடது.