தேர்தல் முறையும் வாக்களிப்பு வீதமும்

வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் விதிக்கும், வாக்காளர்களில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பு. தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வெல்வது தொகுதிவாரி முறை. கட்சி பெற்ற வாக்கின் அளவுக்கு ஆசனம் தருவது விகிதாசார முறை. இரண்டும் கலந்த முறைகளும் உண்டு. விகிதாசார முறையில் வாக்களிப்புக் கூடும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஐரோப்பியக் கணக்குகள் அதற்குத் துணை நின்றன. நியூசிலாந்தும் இலங்கையும் அதை அப்படியே ஏற்க விடவில்லை.

ஐரோப்பாவில் தொடக்கம்

தேசிய அளவில் விகிதாசாரத்துக்கு முதலில் மாறிய நாடு பெல்ஜியம் (1899). அங்கே கட்டாய வாக்களிப்பு 1893இலேயே வந்துவிட்டதால், புதிய முறை எத்தனை பேரைக் கூடுதலாக வரவழைத்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நெதர்லாந்தில் 1917இன் அரசியலமைப்புத் திருத்தம் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, விகிதாசாரம், வாக்களிப்புக் கட்டாயம் மூன்றையும் சேர்த்தே கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1970இல், கட்டாயத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். 1967இல் 95 சதவீதத்தை ஒட்டியிருந்த வாக்களிப்பு 1971இல் 79 சதவீதமானது. விகிதாசாரத்தின் பேரில் எழுதப்பட்டிருந்த பெருமையில் கணிசமான பங்கு கட்டாயச் சட்டத்துக்கு உரியது என்பது அப்போதுதான் தெரிந்தது.

சுவிட்சர்லாந்து 1918இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் முறையை மாற்றி 1919இல் முதல் விகிதாசாரத் தேர்தலை நடத்தியது. 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அந்த உயரத்தை அந்நாட்டின் நாடாளுமன்றத் தேர்தல் பிறகு எட்டவில்லை. பொது வேலைநிறுத்தம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நோர்வே 1921இல் விகிதாசாரத்தில் முதல் தேர்தலை நடத்தியது. அந்த மாற்றத்தைப் பற்றி கொக்ஸ், ஃபிவா, ஸ்மித் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகத் தெளிவானது. பழைய முறையில் ஒரு கட்சியின் கோட்டையாக இருந்த தொகுதிகளில் வாக்களிப்பு அடிமட்டத்தில் கிடந்தது. இழுபறித் தொகுதிகளில் உச்சத்தில் இருந்தது. விகிதாசாரம் வந்ததும் இந்த ஏற்ற இறக்கம் சுருங்கியது. முடிவு தெரிந்த தொகுதியில் கட்சிக்காரர் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஒவ்வொரு வாக்கும் ஆசனக் கணக்கில் சேரும்போது அந்த வீட்டுக்கும் ஆள் வருகிறது. ஆனால் இழுபறித் தொகுதியில் இருந்த பழைய பரபரப்பு தணிந்துவிடுகிறது. ஆகவே நாடு முழுவதற்குமான வீதம் கூடுமா குறையுமா என்பது, மாற்றத்துக்கு முன் அங்கே கோட்டைகள் அதிகமா, இழுபறிகள் அதிகமா என்பதைப் பொறுத்தது. 

ஆய்வுகள்

ஹரோல்ட் கொஸ்னல் 1930இலும், சுவீடனின் ஹெர்பர்ட் டிங்ஸ்டன் 1937இலும் இந்தத் தொடர்பை ஆராய்ந்தார்கள். பிளே, கார்ட்டி இருவரும் 1990இல் 20 நாடுகளின் 509 தேர்தல்களை ஒப்பிட்டு, மற்றவை ஒத்திருந்தால் தொகுதிவாரி முறையில் வாக்களிப்பு விகிதாசாரத்தைவிட 7 புள்ளி குறைகிறது என்று கண்டார்கள். அதற்கு முன்பே, 1987இல், ராபர்ட் ஜாக்மன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார். கட்சிகள் பெருகப் பெருக, ஆட்சியை அமைப்பது வாக்காளரின் கையிலிருந்து தேர்தலுக்குப் பிந்தைய பேரத்துக்குப் போகிறது. அது வாக்களிக்கும் ஆர்வத்தைக் குறைக்கிறது என்றார். லத்தீன் அமெரிக்காவை ஆராய்ந்தவர்களுக்கு அந்த 7 புள்ளி ஆதாயம் தென்படவில்லை.

நியூசிலாந்து

1981இல் சோஷியல் கிரெடிட் கட்சி 20.7 சதவீத வாக்குப் பெற்று 2 ஆசனங்கள்தான் எடுத்தது. 1978, 1981 இரண்டு தேர்தலிலும் தொழிற்கட்சி அதிக வாக்குப் பெற்றும் ஆட்சி தேசியக் கட்சிக்குப் போனது. இந்த அநீதியே 1986இன் அரச ஆணைக்குழு அறிக்கைக்கும், 1993 வாக்கெடுப்பில் 53.9 சதவீதத்தினர் கலப்பு விகிதாசாரத்தை ஏற்றதற்கும் காரணம். 1993இல் 85 சதவீதமாக இருந்த வாக்களிப்பு, புதிய முறையின் முதல் தேர்தலான 1996இல் 88க்கு ஏறியது. பிறகு சரிந்து 2011இல் 74 ஆனது. 2020இல் 82க்கு மீண்டது. பழைய முறையில் 1984இல் பதிவான 93.7ஐ புதிய முறை தொடவே இல்லை. வசதி படைத்த மக்களாட்சிகள் பலவற்றில் வாக்களிப்புக் குறைந்துவந்த காலம் அது. அந்தச் சரிவைத் தடுக்கும் வலு தேர்தல் முறைக்கு இருக்கவில்லை.

இலங்கை

சர்வசன வாக்குரிமையில் நடந்த முதல் தேர்தலை (1931) யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. வடக்கின் 4 ஆசனங்கள் 1934 வரை நிரப்பப்படவில்லை. எந்த முறையானாலும் அரசியல் சூழலுக்கே முதலிடம் என்பதை இலங்கை வரலாறு தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

1947 முதல் 1977 வரை நாடாளுமன்றத் தேர்தல்கள் தொகுதிவாரியாக நடந்தன. 1947இல் பாதிக்குச் சற்று மேலாக இருந்த வாக்களிப்பு 1965இல் 82, 1970இல் 85, 1977இல் 86.7 என்று ஏறியது. விகிதாசாரமும் இல்லை, கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சி கைமாறியது, தொகுதிகள் சிறியவை, வேட்பாளர் ஊரறிந்த ஆள். மக்களை வரவழைக்க அவையே போதுமானவையாக இருந்தன.

ஆனால் ஆசனக் கணக்கு கோணலாக இருந்தது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியைவிட அதிக வாக்குப் பெற்று 17 ஆசனங்களோடு நின்றது. சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீதத்துக்கு 168இல் 140ஐ அள்ளியது. ஏறத்தாழ 30 சதவீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள். அதில் கால்வாசிக்கும் குறைவான வாக்குப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்ததால்தான் மலையகத் தமிழர் தலைவர் தொண்டமான் மூன்றாவதாக வந்தும் நாடாளுமன்றம் போனார்.

1978இன் அரசியலமைப்பு விகிதாசாரத்துக்கு மாறி, 160 தொகுதிகளின் இடத்தில் 22 தேர்தல் மாவட்டங்களை வைத்தது. 1988இல் விருப்பு வாக்கும் தேசியப்பட்டியலும் சேர்ந்தன. முதல் விகிதாசார நாடாளுமன்றத் தேர்தல் 1989இல்தான் நடந்தது. வாக்களிப்பு 63.6 சதவீதம். தெற்கில் ஜே.வி.பி.யின் அச்சுறுத்தலும் வடக்கில் போரும் இருந்த காலம். அந்த வீழ்ச்சிக்கு முறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1994, 2004, 2015, 2020 தேர்தல்களிலும் வீதம் 75க்கும் 78க்கும் இடையிலேயே நின்றது; 85 திரும்பவில்லை. விகிதாசாரம் சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத் தமிழருக்கும் உண்மையான பலன் தந்தது. அதைக் கைவிடச் சொல்வது தவறு. ஆனால் தொகுதிக்கென ஓர் எம்.பி. இல்லாமல் போனதும், ஒரே பட்டியலில் இருப்பவர்களே விருப்பு வாக்குக்காக மாவட்டம் முழுவதும் மோதிக்கொண்டதும் வாக்காளரைத் தள்ளிவைத்தன.

வாக்குச்சீட்டே ஒரு தடைதான். மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சின்னங்களோடு நீண்ட வரிசையாக இருக்கும்; கீழே வேட்பாளர் இலக்கங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். முதலில் கட்சிக்கு எதிரே புள்ளடி; பிறகு அதன் வேட்பாளர்களில் மூவர் வரை புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கங்களுக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் நிராகரிக்கப்படும். 2020இல் 7 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வெயிலில் வரிசையில் நின்றவர்களின் வாக்குகள் இவை. வாக்களித்தோர் வீதத்தில் இவர்களும் அடங்குகிறார்கள், முடிவில் இல்லை.

எங்கே முடிவு நேரடியாக மக்கள் கையில் இருக்கிறதோ அங்கே கூட்டம் கூடுகிறது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் 83.7 சதவீதம், அடுத்த ஆண்டு கோவிட் நடுவே நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 75.9. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 79.5, நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் 68.9. பகிஷ்கரிப்பு இந்தக் கணக்கையும் புரட்டிப்போடும். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் 1.2 சதவீதத்தினரே வாக்களித்தார்கள். நாடு முழுவதிலும் வெற்றி வித்தியாசம் 2 லட்சத்துக்கும் குறைவு.

முறையைச் சீர்திருத்தும் முயற்சியும் வாக்களிப்பைப் பாதித்தது. மாகாண சபைகளுக்குக் கலப்பு முறையைக் கொண்டுவர 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் 2018இல் தோற்கடித்தது. பழைய சட்டமும் நடைமுறையில் இல்லாததால் தேர்தல் நடத்த வழியில்லாமல் போனது. சபைகளின் பதவிக்காலம் ஒவ்வொன்றாக முடிந்து, நிர்வாகம் ஆளுநர்களிடம் போனது. 2013இல் முதல்முறையாகத் தனக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்த வட மாகாணத்துக்கு 2025இன் நடுப்பகுதி வரை இரண்டாவது தேர்தல் நடக்கவில்லை.